ஒரு கால் மட்டும்

அக்கா,

காலையில் அடுத்த வீட்டுக் கோமதி வந்தாள். திருச்சியில் வைத்தியம் பார்த்து உண்டானவள். ரத்தம் கட்டிவிடாமலிருக்க தினமும் வயிற்றில் ஊசி. தனியாகப் போட்டுக்கொள்ளப் பயமென்று என் எதிரில் உட்கார்ந்தாள். "வைத்தியத்துல உண்டானவங்களுக்கு ரத்தம் உறையறது கொஞ்சம் கூடுதலாம் பெரியம்மா. நல்லா நடக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள். அந்த ஸ்பிரிட் வாசனை, உங்களோடு நான் காத்திருந்த டாக்டரம்மா வராந்தாவில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நம் இருவருக்குமே பிள்ளை இல்லை. பெரம்பலூரில் பஸ் ஏறி ஒன்றாகத்தான் திருச்சிக்குப் போவோம். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே சொல்வீர்கள்: "ஒருத்திக்கு உண்டானாலும் ரெண்டு பேருக்கும் புள்ளதான்டி." உங்களுக்கு உண்டானது. பொறாமைப்பட்டேன், பொய் சொல்லமாட்டேன். அதைவிடச் சந்தோஷப்பட்டேன்.

தவமிருந்து வந்த பிள்ளையென்று அத்தை உங்களைக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. சாப்பாடு, தலைசீவல் எல்லாம் அங்கேயே. வாலிகண்டபுரம் கோயிலைக்கூட உங்களுக்காக நான்தான் சுற்றினேன். "மருமவள உள்ளங்கையில வச்சுப் பாக்குறா" என்று ஊரே மெச்சியது.

ஏழாம் மாதம் இடது கால் வீங்கியது. வலது கால் வீங்கவில்லை.

"ஒரு கால் மட்டும் ஏன் அத்தை? தொட்டா சுடுதே. டாக்டரம்மாகிட்ட போயிட்டு வந்துருவோம்" என்றேன்.

"பெத்தவளுக்குத் தெரியாதது மலடிக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்! புள்ளத்தாச்சின்னா கால் வீங்கத்தான் செய்யும்" என்று விளக்கெண்ணெய் காய்ச்சி உருவிவிட்டார்.

"விடுடி, அவங்க வாய் அப்படி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

மறுநாள் காலை மூச்சு முட்டுகிறது என்றீர்கள். கார் திருச்சி போய்ச் சேருமுன்பே என் மடியில் போய்விட்டீர்கள், பிள்ளையோடு. நடக்காமல் படுத்தே இருந்ததில் காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம். டாக்டரம்மா பிறகு சொன்னார். அத்தையை வையவும் முடியவில்லை, பாசத்தில் செய்தது.

அப்புறம் நான் அந்த வைத்தியத்துக்குப் போகவே இல்லை. பஸ்ஸில் தனியாக உட்கார முடியவில்லை, அக்கா. இத்தனை பேர் இருந்த வீட்டில் எனக்கென்று இருந்தது நீங்கள் ஒருவர்தானே.

கோமதி கிளம்பும்போது, "புடவையைத் தூக்கு, ரெண்டு காலையும் காட்டு" என்றேன். சிரித்தாள். இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். ஒரே பருமன், ஒரே சூடு. தெருவில் யார் உண்டானாலும் இப்படித்தான் செய்கிறேன், கிறுக்கி என்கிறார்கள். சொல்லட்டும். மலடிக்கு என்ன தெரியும் என்று இப்போது கேட்கச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் சுட்டால் எப்படியிருக்கும் என்று என் கைக்குத் தெரியும்.