பலூன் உடைந்த பிறகு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம் என்று எழுதினால் அம்மா எட்டிப் படித்துவிட்டுச் சிரிப்பாள், அதனால் இருக்கிறோம், மூன்று வேளை சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் நம் பேரன் வாலுவும் சுகம்தானே. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், மாடிப்படி ஏறும்போது என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், திட்டினால் வலி தெரியவில்லையாம். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. எதைத் தொடவும் அலுப்பாக இருக்கிறது மகளே.

போனில் நீ அம்மாவோடு மட்டும் பேசுகிறாய், அதனால்தான் கடிதம். போன தடவை நீ வந்திருந்தபோது வாலு பலூனை உடைத்ததும், நான் கத்தி அவன் கையைப் பிடித்து இழுத்ததும், குழந்தை பயத்தில் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போனதும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இனி இவனை இந்த வீட்டுக்குக் கூட்டி வரமாட்டேன் என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனாய். நியாயம்தான். அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்றேன், இப்போது சொல்கிறேன், தப்பு என்னுடையது.

நீ போன பிறகு தூக்கமே இல்லை. டாக்டர் மாத்திரையோடு ஹிப்னோதெரபி என்கிற மனவசியச் சிகிச்சையும் செய்து பாருங்கள் என்று ஓர் அம்மாளிடம் அனுப்பினார். முப்பத்தெட்டு வருஷமா நான் பண்ண முடியாத வசியத்தை அந்தம்மா பண்ணிடுவாங்களாக்கும் என்றாள் உன் அம்மா. தையல் கடைக்கு மேலே சின்ன அறை, சாய்வு நாற்காலி, பச்சைத் திரை. சங்கிலியை ஆட்டுவார்கள் என்று நினைத்துப் போனேன், அதெல்லாம் இல்லை. கண்ணை மூடுங்க, பத்திலேர்ந்து ஒண்ணு வரைக்கும் எண்ணறேன், உடம்பு தளரட்டும் என்றார். கல்குவாரியில் இருபத்தாறு வருஷம் வெடி வைத்தவனிடம் போய்ப் பத்திலிருந்து கீழே எண்ணினால் எப்படி இருக்கும், அவர் மூன்று சொல்வதற்குள் நான் நாற்காலிக்குப் பின்னால் குனிந்து காதைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். அந்தம்மா ஆடிப்போய்விட்டார். படிவத்தில் ஓய்வு பெற்றவர் என்று மட்டும் எழுதியது என் புத்தி.

அதற்குப் பிறகு எண்ணுவதில்லை. மூச்சு விடும்போது தோள் இறங்குவதைக் கவனிக்கச் சொல்வார். மயக்கமெல்லாம் இல்லை, கீழே தையல் மிஷின் ஓடுவதுகூடக் கேட்கும், பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். நாலாவது தடவை, யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். நீ சின்னவளாக இருந்தபோது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிவாரே, பாறையில் துளை போடுகிற என் கூட்டாளி, அவர் கால் போனது கல் தானாகச் சரிந்து அல்ல. வெடிக்கு முன்னால் எல்லோரும் ஒதுங்கிவிட்டார்களா என்று ஒரு தரம் ஆட்களை எண்ணிப் பார்ப்பது என் வேலை. அன்றைக்கு எண்ணவில்லை. விட்டுப்போன கையுறையை எடுக்க அவர் திரும்பிப் போயிருந்தார், நான் நேராகப் பத்து ஒன்பது என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. சொல்லி முடித்ததும், இது போகாதுங்க, ஆனா இதோட உட்காரப் பழகிக்கலாம் என்றார் அந்தம்மா. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடமும் சொன்னேன், இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் சாப்பிட வா என்று மட்டும் கூப்பிட்டாள்.

போன ஞாயிறு கூட்டாளி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தெரியும்யா, பதினோரு வருஷமா நீ வருவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன் என்றார். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மகளே, இதெல்லாம் நான் குழந்தையிடம் கத்தியதற்குச் சாக்கு இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நன்றாகத் தூங்குகிறேன். ஆனால் நேற்று பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டதும் கையிலிருந்த தட்டை வீசிவிட்டேன். அதனால் இப்போதைக்கு அவனைக் கூட்டி வராதே. வந்துட்டுப் போயேன் என்று அம்மா அழுவாள், மனசு இளகிவிடாதே. எனக்கு நம்பிக்கை வந்த பிறகு நானே எழுதுகிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. வாலு கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிடு, அவன் ஒரு தப்பும் செய்யவில்லை, தாத்தா பயந்துபோய்தான் கத்தினார் என்று.

உன் அப்பா