வேண்டுமென்றே தப்பாகச் சொன்ன விடைகள்

அன்பு மகன் நெஸ்டருக்கு, யார்க்டனிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ நடமாட்டத்தோடு இருக்கிறோம். நீ நலமாக இருப்பாய் என்று நானே எழுதிக்கொள்ள மனம் வரவில்லை, அதனால் நலமா என்று கேட்டே தொடங்குகிறேன். அறுவடை முடிந்தது, கோதுமை இந்த வருடம் சுமார்தான், முதல் பனி விழுந்து வயலெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. உன் தங்கை லாரிசாவுக்கு இது எட்டாம் மாதம், பையன் பிறந்தால் உன்னைப் போல மோதி விழுகிற இந்த ஃபுட்பால் பக்கம் தலைவைத்துப் படுக்க விடமாட்டேன் என்று இப்போதே சொல்கிறாள், அவள் வாய் உனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தை டிவியில் பார்த்தோம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தவனை நீ மோதிச் சாய்த்ததும் அப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தாய், ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டாய், நேராகப் போய் எதிரணிக்காரர்கள் நடுவே நின்றாய். அவர்களில் ஒருவன் சிரித்துக்கொண்டே உன் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். அட ஒண்ணுமில்ல, பையன் அவனுங்கள வம்புக்கு இழுக்கிறான் என்றார் அப்பா. மருத்துவர் உன்னை உள்ளே கூட்டிப்போய்ச் சோதித்தார், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆட வந்துவிட்டாய்.

அவர் ஏன் விட்டார் என்று எனக்குத் தெரியும். ஈஸ்டர் விருந்தில் நீயே சொன்னதுதானே. சீசனுக்கு முன்னால் வைக்கிற ஞாபகசக்திச் சோதனையில் வேண்டுமென்றே தப்புத்தப்பாகச் சொல்லி வைத்தால், பிறகு அடிபட்டுக் குழம்பி அதே சோதனையில் தப்பாகச் சொன்னாலும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆட விட்டுவிடுவார்கள் என்றாய். எல்லாப் பயலும் செய்யறதுதாம்மா, ஒரு தடவ வெளிய உக்காந்தா அடுத்த வருசம் என் எடத்துல வேற எவனாவது நிப்பான் என்றாய். அந்தக் காலத்தில் தானும் ஆடி அடிபட்ட அப்பா மேசையைத் தட்டிச் சிரித்தார். எங்க காலத்துல அடிபட்டா வெரலக் காட்டி எத்தனன்னுதான் கேப்பான், எப்பவும் ரெண்டுதான் என்றார். அந்த அப்பா நேற்று, காலமெல்லாம் போய்வந்த தானியக் கிடங்குக்கு வழி தெரியாமல் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர்தான் கூட்டிவந்து விட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது நெஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை போனில், நம் நாய் மிஷ்கா சாப்பிட்டானா என்று கேட்டாய். சாப்பிட்டான் என்று சொல்லிவிட்டேன். போன வருடம் அவனைத் தோட்டத்தில் குழிவெட்டிப் புதைத்ததே நீதான்.

வரும் சனிக்கிழமை நீ ஆட வேண்டாம். ஈஸ்டரன்று எங்களிடம் சொன்னதை அப்படியே மருத்துவரிடம் சொல்லிவிடு. இடம் போனால் போகட்டும், இங்கே உன் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். குளிருக்குத் தொப்பி போட்டுக்கொள். கடிதம் கிடைத்ததும் போன் செய், அப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். அந்தச் சோதனையில் நீ தப்பாகச் சொன்னபோது, சரியான விடை உனக்குத் தெரிந்திருந்ததா, கண்ணு?

உன் அம்மா,
ஓல்கா