ஐந்தாம் டப்பா மண்

திருச்சி,
11.8.2024

என் அன்பு அக்கா,

நீயும் மாமாவும் ஸ்டீவன் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் சிஸ்டர் போனைக் கையில் கொடுக்கிறார்கள். வராந்தாவில் என் முதுகை உரசிக்கொண்டு நாலு பேர் நிற்கும்போது உன்னிடம் என்னத்தைப் பேசுவது? "சாப்டியா, சாப்டேன்" என்று முடிந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். ஒரு வேலை வாங்கவும்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைசி வருடம் என்பதால் எல்லோரும் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். சுற்றுச்சூழல் வேதியியல் வகுப்பு மொத்தமும் காவிரித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கிறது. நான் நம் ஊர் மண்ணில் எவ்வளவு ஈயம் கலந்திருக்கிறது என்று பார்க்கப்போகிறேன் என்றேன். காயத்ரி மேடம், "கும்மிடிப்பூண்டியா? மண் எடுத்து அனுப்ப ஆள் இருக்கா?" என்று கேட்டார். எங்க அக்கா இருக்காங்க என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டாதே.

இந்தப் பார்சலில் ஐந்து டப்பா இருக்கிறது. முதல் டப்பாவுக்கு மாமா கம்பெனி கேட்டுக்கு வெளியே உள்ள மண். அப்புறம் சிப்காட் ரோட்டோரம், ஓடைக்கரை, பள்ளிக்கூட மைதானம். ஐந்தாவதுதான் முக்கியம். அதை 'கன்ட்ரோல்' என்போம். கெடாத மண் எப்படி இருக்கும் என்று காட்டுகிற மண். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மற்றது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்ல முடியும். புகை வராத, லாரி போகாத இடமாக வேண்டும். யோசித்துப் பார்த்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம் ஒதுங்கியிருப்பது நம் வீடுதான். பின்பக்கம் எடுத்துவிடு. பிளாஸ்டிக் ஸ்பூனால் மேல்மண்ணை மட்டும் வழித்துப் போட்டு மூடி, எண் ஒட்டி அனுப்பு.

மாமாவிடம் மறக்காமல் சொல். "நம்ம பக்கம் கம்பெனிக்கெல்லாம் லேபுக்கு ஆள் வோணும், நீ இத்த படி" என்று வெயிலில் வரிசையில் நின்று இந்தப் படிப்பில் என்னைச் சேர்த்தவர் அவர். ஸ்டீவனுக்கு என் முத்தம். வாயைத் துடைத்துவிட்டுக் கொடு.

உன் மோனி

----

கும்மிடிப்பூண்டி,
20.8.2024

என் செல்லம் மோனிக்கு,

ஆண்டவர் கிருபையில் எல்லோரும் இருக்கிறோம். டப்பாவும் வந்தது, உன் உத்தரவும் வந்தது. அம்மா உயிரோடு இருந்திருந்தால், பெண்ணைப் படிக்க அனுப்பியது மண் அள்ளவா என்று கேட்டிருப்பாள். நான் அம்மா இல்லை, அக்காதானே, அதனால் அள்ளிவிட்டேன்.

உன் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "பழைய பேட்டரிய ஒடச்சி நாள் பூரா ஈயம் உருக்கினு கீறவன் நானு. கேட்டா ஒரு கட்டியே குட்த்து அனுப்பி இருப்பேன். மண்ணுல போய் தேடுறாளே உன் தங்கச்சி!" என்றார். சிரித்தாலும் முதல் டப்பா மண்ணை அவரே எடுத்து வந்தார். செக்யூரிட்டி இன்னாப்பா இது என்று கேட்டதற்கு, "என் மச்சினிச்சி சயின்டிஸ்ட்டு" என்று சொல்லிவிட்டு வந்தாராம். பெருமை தாங்கவில்லை.

ஐந்தாவது டப்பாவுக்குத்தான் அலைந்தேன். பின்பக்கம் முழுக்கப் பக்கத்து வீட்டு ஆட்டுப் புழுக்கை. கடைசியில் துவைக்கிற கல்லை ஒட்டி எடுத்தேன். தினமும் சோப்புத் தண்ணீர் ஓடுகிற இடம், அதைவிடச் சுத்தமான மண் ஏது? உன் ஸ்டீவன் குட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து மண்ணில் இட்லி சுட்டுக்கொண்டிருந்தான். உனக்கும் ஒரு இட்லி டப்பாவில் போட்டிருக்கிறான்.

அவனைப் பற்றித்தான் கொஞ்சம் கவலை. அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது, இன்னும் 'ம்மா', 'ப்பா' தாண்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். கண்ணைத் திருப்பினால் மண்ணைத் தின்கிறான். பூச்சி இருக்கும் என்று மருந்துக்கடைக்காரர் டானிக் கொடுத்தார். "நானும் லேட்டாத்தாம்மே பேசுனேன்" என்கிறார் உன் மாமா. இப்போது வாய் ஓய்கிறதா என்று நான் கேட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. சாம்பாரைக் குறை சொல்லாதே.

உன் அக்கா
ஷைனி

----

திருச்சி,
22.9.2024

அன்பு அக்கா,

மண் கிடைத்தது, மெஷினிலும் போட்டாயிற்று. உன்னை ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. டப்பாவில் எண் ஒட்டும்போது டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாயா?

கம்பெனி கேட் மண்ணில் கிலோவுக்கு அறுநூற்றுப் பத்து மில்லிகிராம் ஈயம் வந்திருக்கிறது. அது வரக்கூடியதுதான். ரோட்டோரமும் ஓடையும் மைதானமும் அதற்குக் கீழே. நம் வீட்டு மண்ணில் ஆயிரத்து இருநூற்று நாற்பது! கேட்டைப் போல இரண்டு மடங்கு. வகுப்பே சிரித்தது. "மண் எடுத்தவங்க நம்பரை மாத்தி மாத்தி ஒட்டிட்டாங்க" என்றார் மேடம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஒரே பிரியாணியில் இரண்டு முறை உப்புப் போட்ட ஆள்தானே நீ.

இன்னொரு டப்பா அனுப்புகிறேன். ஐந்தாம் எண் மட்டும் திரும்ப வேண்டும். அவசரம் இல்லை, மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது. இந்த முறை ஸ்பூனைக் கழுவி, கையைக் கழுவி, கவனமாக எடு. என் மார்க் உன் கையில்தான் இருக்கிறது.

ஸ்டீவன் டானிக் குடித்தானா? பேசாத பிள்ளைகள்தான் பிறகு வக்கீல் ஆகும், கவலைப்படாதே.

உன் மோனி

----

கும்மிடிப்பூண்டி,
1.10.2024

மோனிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டாவதோடு நின்றவள்தான் நான். உன்னைப் படிக்க வைக்கத்தான் நின்றேன், அதை நான் சொல்லிக்காட்டியதில்லை, இப்போது சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஒன்று எது, ஐந்து எது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு டப்பாவையும் மூடியதும் எண்ணை ஒட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் திறந்தேன். எங்கே எடுத்தேன் என்றுகூட எழுதியிருந்தேனே, படித்தாயா?

அதே இடத்தில் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கையையும் கழுவினேன், ஸ்பூனையும் கழுவினேன். வகுப்பு சிரிக்க வேண்டாம்.

ஒரு நல்ல செய்தி சொல்லத்தான் காத்திருந்தேன், அதை இப்படிக் கோபத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. உன்னைச் சித்தி என்று கூப்பிட இன்னொரு குழந்தை வரப்போகிறது. மூன்று மாதம். உன் மாமா இப்போதே ஓவர்டைம் கேட்டு வாங்கிவிட்டார். துவைக்கத்தான் முடியவில்லை. அவர் யூனிபாரத்தைத் தண்ணீரில் முக்கினாலே சாம்பலாக ஓடுகிறது, வாடை குமட்டுகிறது. கம்பெனி பாத்ரூமில் தண்ணீர் வருவதில்லை, வீட்டுக்கு வந்துதான் கழற்றிப் போட்டுக் குளிக்கிறார். பையன் அதற்குள் ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொள்கிறான்.

அவனுக்கு இந்த வாரம் வாந்தி. நடக்கும்போது தடுமாறி விழுகிறான். ஜெபம் செய்துகொள்.

ஷைனி

----

திருச்சி,
4.11.2024

அக்கா,

நேற்று போனில் நான் கத்திவிட்டேன். நீ, பையன் அழுகிறான் என்று வைத்துவிட்டாய். திரும்ப அழைத்தபோது மாமா எடுத்து, "இன்னா மோனி, பயமுறுத்துறியே" என்று சிரித்தார். அதனால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். தயவுசெய்து இருவரும் உட்கார்ந்து படியுங்கள்.

மெஷின் போன வாரம்தான் திரும்பி வந்தது. நீ இரண்டாம் முறை அனுப்பிய டப்பாவில் ஆயிரத்து முந்நூறு. நீ எதையும் குழப்பவில்லை. நான்தான் மடச்சி. உன் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். துவைக்கிற கல் என்று நீ எழுதியிருக்கிறாய். நான் இட்லியைப் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

ஈயம் காற்றில் நம் வீட்டுக்கு வரவில்லை, அக்கா. மாமாவின் சட்டையில் வந்தது. துணியில் ஒட்டிய தூள் முழுவதும் அந்தக் கல்லில்தான் இறங்கியிருக்கிறது. சோப்புக்கு அது கரையாது, மண்ணிலேயே தங்கும். ஸ்டீவன் தின்றது அந்த மண்ணை. வயிற்றுவலி, வாந்தி, பேச்சு வராதது எல்லாம் எங்கள் பாடத்தில் ஒரு பக்கத்தில் வரிசையாக இருக்கிறது. இரண்டாம் வருடமே அதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன்.

இன்றைக்கே அவனைச் சென்னைக்கு அழைத்துப் போ. இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும் என்று சொல், பூச்சி என்று சொன்னால் விடாதே. அந்தக் கல் பக்கம் அவன் போகவே கூடாது. யூனிபாரம் வீட்டுக்குள் வரக் கூடாது. நீ அதைத் தொடாதே. குளிக்காமல் மாமா அவனைத் தூக்க வேண்டாம் என்று சொல். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மோனி

----

சென்னை, ஆஸ்பத்திரி,
24.11.2024

மோனிகாவுக்கு,

உன் கடிதம் வந்த இரண்டாம் நாள் ஸ்டீவனுக்கு வலிப்பு வந்தது. ஆட்டோவில் என் மடியிலேயே கண் செருகிக்கொண்டான். இங்கே சேர்த்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. இரத்தத்தில் ஐம்பத்தெட்டு. ஐந்தைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஊசி மருந்து போகிறது. விஷத்தை மருந்து இழுத்துவிடும், மூளையில் போனது திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். இப்போது 'ம்மா'வும் வருவதில்லை.

உன் மாமா வார்டுக்குள் வருவதில்லை. வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். நன்றாகக் குளித்துவிட்டுத்தான் வருகிறார், இருந்தும் பையன் கையை நீட்டினால் பின்னால் போய்விடுகிறார். கம்பெனியில் கேட்டதற்கு, "ஊட்டுக்குப் போய் குளிக்கிறது உன் இஷ்டம், எங்க பொறுப்பு இல்ல" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஷிப்டுக்குப் போய்விட்டார். போகாதே என்று அழுதேன். "வேற எங்கமே போறது? எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்றார். அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

நீ சொன்னது எல்லாம் சரி. ஆனால் உன் மெஷின் செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. நீ மெஷினை நம்பினாய், என் கையைத்தான் நம்பவில்லை. வேறு யாராவது அனுப்பிய மண்ணாக இருந்தால், எங்கே எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாய். அக்காதானே, குழப்பியிருப்பாள் என்று விட்டுவிட்டாய். அந்த ஒன்றரை மாதமும் நான் அதே கல்லில்தான் துவைத்தேன். அவனும் அங்கேதான் விளையாடினான். இதை எழுதாமல் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். டாக்டரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. துவைத்தது நான். என் உடம்பிலும் அது இருக்குமா? இருந்தால் வயிற்றில் இருப்பதற்கும் போகுமா? எனக்கு ஆறுதல் வேண்டாம். நீ படித்ததைச் சொல்.

ஷைனி

----

திருச்சி,
27.11.2024

அக்கா,

போகும்.

சிஸ்டரிடம் கெஞ்சி போன் வாங்கிப் பல முறை அழைத்தேன், நீ எடுக்கவில்லை. முன்பு தாமதித்ததுபோல் இதற்கும் தாமதிக்கக் கூடாது என்று இந்த நிமிடமே எழுதி, நானே போய் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன்.

உடம்பில் சேரும் ஈயம் எலும்பில் போய் உட்காரும். குழந்தைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டியிருக்கும்போது உடம்பு எலும்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கும். அதோடு இதுவும் போகும். ஆனால் எவ்வளவு என்று பார்த்தால்தான் தெரியும். ஸ்டீவனைப் பார்க்கிற டாக்டரிடமே சொல், உன் இரத்தத்தையும் எடுக்கச் சொல். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டியிருக்கும். அந்த வீட்டுக்குத் திரும்பப் போகாதே. மாமாவின் அம்மா பெரியபாளையத்தில் தனியாகத்தானே இருக்கிறார்கள், அங்கே போய்விடு.

என்னைப் பற்றி நீ எழுதியது உண்மை. நான் உன்னைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு நேராக உன்னிடம் வருகிறேன், ஸ்டீவனை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு. என்னோடு பேச வேண்டாம். டெஸ்டை மட்டும் எடுத்துவிடு.

மோனி

----

பெரியபாளையம்,
15.12.2024

மோனிகாவுக்கு,

எடுத்தேன். இருபத்திரண்டு. பார்த்துக்கொண்டே போக வேண்டும், பிறந்த பிறகுதான் தெரியும் என்றார் டாக்டர். மாத்திரை சாப்பிடுகிறேன்.

ஸ்டீவனை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். மருந்து இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. வலிப்பு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறான், பேசவில்லை. உன் மாமா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, வாசலில் நின்று இவனைப் பார்த்துவிட்டுப் போகிறார். உள்ளே வாங்க என்றால் "வேணாம்மே" என்கிறார்.

நீ கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் எழுதினாய். வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் இராத்திரியும் பகலும் எனக்கு அந்த ஒரு சொல்தான் கேட்கிறது. உன் முகத்தைப் பார்த்தால் அதைத்தான் பார்ப்பேன். உன்னை வளர்த்தவள் நான், உன்னை வெறுக்க எனக்குத் தெரியவில்லை. பார்க்கவும் முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வராதே. குழந்தை பிறந்த பிறகு நானே சொல்லி அனுப்புகிறேன். அதுவரை கடிதமும் எழுதாதே.

எழுதினால் படித்துவிடுவேன்.

ஷைனி