வில்லாளி செல்லம்மாவின் பதவி உயர்வு

செவ்வாய். விடாத மழை.
இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவருக்கும் காட்டாதீர்கள். நான் பயப்படுவது அப்பாவுக்குத் தெரியவே கூடாது.

நேற்று தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது அம்மாவைக் குளவி கொட்டிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரி. அப்பாவும் அங்கே. எனக்குத் துணை பக்கத்து வீட்டு அத்தை, படுத்ததும் குறட்டை. போர்வைக்குள் அண்ணனின் பழைய போன். கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும்போது கொடுத்தது. அதில் அவன் பாதியில் விட்ட போர் விளையாட்டு. நாம் ஒரு முறை நகர்த்தினால் எதிரி ஒரு முறை.

வில்லாளிக்கு அம்மாவின் பெயர், செல்லம்மா. சண்டை போட்டால் புள்ளி. அடித்தால் அதிகம், அடிவாங்கினால் கொஞ்சம். புள்ளி சேர்ந்து கோடு நிறைந்தால் பதவி உயர்வு, தலைக்கு மேல் நட்சத்திரம். போன வாரம் அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார்: "இத்தனை வருஷமா கொழுந்து எடுக்குறேன், என்னைய ஒரு கங்காணியாக்கக் காணோம். இவளுக்கு நாலு சண்டையில ஸ்டாரா?"

புதன். பள்ளிக்கூடம் போகவில்லை.
அப்பா போனில்: "மொகமெல்லாம் வீங்கிருக்கு. அழாம சோறு தின்னு." தின்னவில்லை.
இரவு அண்ணன் போனில். மூக்கடைத்த குரல், அழுதிருக்கிறான். லீவு கேட்டிருக்கிறானாம். பேச்சை மாற்றினான்.
"செல்லம்மா எங்க?"
"கோட்டைக்குள்ள."
"பயந்தாங்கொள்ளி! உள்ளயே வச்சிருந்தா ஸ்டார் எப்படிடி வரும்?"
"வெளிய போயி செத்துட்டா?"
அண்ணன் மூக்கை உறிஞ்சினான்.
பிறகு: "கோடு நெறஞ்சா ஸ்டாரு வேணுமா, காயம் ஆறணுமான்னு கேக்கும். காயத்த மட்டும் அமுக்கிராத. அவ்வளவு புள்ளியும் வீண்."

வியாழன். மழை இல்லை, மூடுபனி.
காலைச் சாப்பாடு பாண், சம்பல். சீருடை காயவில்லை. கணக்கு பாக்கி.
அப்பா: "இன்னைக்கு ராத்திரி தாண்டிட்டா பரவாயில்லன்னு டொக்டர் சொல்றாரு." தாண்டாவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

இரவு. விளையாட்டில் கொள்ளையர் கோட்டையை வளைத்துவிட்டார்கள். வேறு வழியில்லை, செல்லம்மாவை வெளியே விட்டேன். இரண்டு பேரை விழுத்தினாள். மூன்றாமவன் குதிரையில் வந்தான். உயிர்க்கோடு சிவந்து நூல் மாதிரி. அதே அடியில் பதவிக்கோடு நிறைந்துவிட்டது. இரண்டு பொத்தான்கள்.

நட்சத்திரம் எடுத்தால் கடைசிவரை நிற்கும். காயம் ஆறுவது இன்றைக்கு மட்டும்.

இன்றைக்குத்தான் வேண்டும். அமுக்கிவிட்டேன். முழுப் பச்சை. அண்ணன் திட்டட்டும்.

கதவு தட்டுகிறது. அத்தை எழும்பவில்லை. மறுபடியும்.
"அடியே, நான்தான். தொற. அம்மாவப் பாத்துட்டுத்தான் வர்றேன். 'ஏன்டா இப்படி எளச்சுப் போயிட்ட'ன்னு என்னைய ஏசுது. குளிருதுடி, தொற!"
அண்ணன்! பச்சைக் கோட்டைப் பார்த்தால் திட்டுவான், போனை எங்கே ஒளிக்க—