மறுபடியும் பத்தாம் வகுப்பு

ஜூன், செவ்வாய்

வெளிநாட்டுப் படிப்பு இங்குள்ள பத்தாம் வகுப்புக்குச் சமம் என்ற சமநிலைச் சான்றிதழ் வரும்வரை பெற்றோரிடம் உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டு மீராவைப் பதினோராம் வகுப்பில் சேர்க்கலாம்; போன வருடம் மஸ்கட்டிலிருந்து வந்த பையனை அப்படித்தான் சேர்த்தோம். இதை இன்று பிரின்சிபாலிடம் நான் சொல்லவில்லை.

மீரா அமெரிக்காவில் பத்தாவது முடித்து வந்தவள். அவள் சான்றிதழில் மதிப்பெண் இல்லை, தேறிய பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்றிருந்தது. பிரின்சிபால் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“எந்தா டீச்சரே, கணக்குக்கு ஒரு மார்க்கோ?”

நானும் சிரித்துவைத்தேன்.

மீராவின் அம்மா திருவனந்தபுரத்துக் கரமனைத் தமிழ்க்காரி; நான் தமிழ் பேசுவதை முன்பே கேட்டிருந்ததால் என் பக்கம் திரும்பினார். “நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்டிம்மா. படிச்சதையே இன்னொரு வருஷம் படிப்பாளா?”

என் தற்காலிக வேலையை நீட்டிக்கும் தாள் பிரின்சிபாலின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கம்கூட வரவில்லை.

மீராவை மறுபடியும் பத்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். பதிவேட்டில் அவள் பெயரை எழுதியது நான்தான்.