ஒண்ணும் ஆகாது அத்தை

ஜூன் 3

அண்ணிக்கு,

நாலு வருஷமா பேச்சுவார்த்தை இல்லாத உங்க நாத்தனார் எழுதுறேன். கிழிச்சுப் போடறதுக்கு முன்னாடி ஒரு பக்கமாவது படிங்க.

நேத்து என் பஸ்ல கடைசி சீட்டுல யாரோ ஒரு குட்டிப் புத்தகத்தை விட்டுட்டு இறங்கிட்டாங்க. சாப்பாட்டு ஒவ்வாமை உள்ள பிள்ளைங்களுக்காக உங்க அறக்கட்டளை போட்டது. ஏழாம் பக்கத்துல ஒரு கண்டக்டரம்மா. தோள்ல பை, காதுல பென்சில், கையில வேர்க்கடலை பிஸ்கட். "ஒரு துண்டுதானே, ஒண்ணும் ஆகாது"ங்கறா. பேரே 'ஒண்ணும் ஆகாது அத்தை'யாம். பின்னட்டையில, படம் வரைஞ்சவள்னு உங்க பொண்ணு, நம்ம வாலுவோட போட்டோ.

டிப்போவே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன். அப்புறம் டிக்கெட் கிழிக்கக் கை வரலை, அண்ணி. அன்னிக்கு அந்த பிஸ்கட்டைத் தின்னு அவ உதடு வீங்கி மூச்சுக்குத் தவிச்சப்போ, நீங்க தொடையில ஊசி போட்டீங்க. நான் மரம் மாதிரி நின்னேன். கொடுக்காதேன்னு நீங்க சொல்லியும் கொடுத்தவ நான். பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்க்கறீங்கன்னு போற இடமெல்லாம் பேசினவளும் நான்தான். மன்னிச்சிடுங்க. இதை எழுத நாலு வருஷம் ஆயிடுச்சு.

ஒரே ஒரு புகார். என் மூக்கு அவ்வளவு பெரிசா?

உங்க நாத்தனார்

ஜூன் 7

அன்புள்ள கண்டக்டரம்மாவுக்கு,

கிழிக்கலை. மூணு தடவை படிச்சேன். கோபம் இன்னும் முழுசா போகலை, அதையும் சொல்லிடறேன்.

ஆனா நான் பாடம் எடுக்கப் போற பள்ளிக்கூடத்துல எல்லாம் பிள்ளைங்க கேட்கறது ஏழாம் பக்கத்தைத்தான். அவங்க வீட்லயும் ஒரு ஒண்ணும் ஆகாது சித்தப்பா, ஒண்ணும் ஆகாது மாமி இருக்காங்களாம்.

இப்போதைக்கு வாலுவுக்கு வேர்க்கடலையைத் தொடாம இருக்கறதுதான் வழி. வேற வழி கிடைக்குமான்னு டாக்டருங்க ஆராய்ச்சி பண்றாங்க. அதுக்கு நிதி சேர்க்கப் பதினெட்டாம் தேதி நாடகம் போடறோம். அத்தை வேஷம் போட இருந்த நர்ஸம்மா கால் சுளுக்கிப் படுத்துட்டாங்க. உன் தொண்டைக்கு மைக்கே வேண்டாம். வர்றியா? வாலுகிட்ட இன்னும் கேட்கலை. அவ வேண்டாம்னா வேண்டாம்தான்.

அண்ணி

ஜூன் 10

அன்புள்ள அண்ணிக்கு,

லீவு சொல்லிட்டேன். வசனம் எழுதி அனுப்ப வேண்டாம். எனக்கு அது மனப்பாடம்.

உங்க ஆபீஸ்ல நூறு புத்தகம் வாங்கி, ஏறுறவங்க இறங்குறவங்க எல்லார் தலையிலயும் கட்டிட்டேன். ஏழாம் பக்கத்துல இருக்கறது நான்தான்னு சொன்னா மறு பேச்சில்லாம வாங்கறாங்க. வாலுவோட அவசர ஊசி பேனா மாதிரிதானே இருக்கும், அதே மாதிரி ஊசி இல்லாதது ஒண்ணு கொடுத்தாங்க, எப்படிப் போடறதுன்னு பழக. பாவம் டிரைவரண்ணன், அவர் தொடையிலதான் தினமும் பழகறேன். இனிமே மரம் மாதிரி நிக்க மாட்டேன்.

வாலு என்ன சொன்னா? சீக்கிரம் எழுதுங்க.

உங்க நாத்தனார்

ஜூன் 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

பதிலை அவளே எழுதறேன்னு அடம். நான் ஒரு எழுத்துகூடத் திருத்தலை. உன் அண்ணன் இப்பவே ஹால்ல நாற்காலி போடப் போயிட்டார்.

அண்ணி

அத்தை,

வா. நாடகத்துல நான் நானாத்தான் வர்றேன். நீ பிஸ்கட் நீட்டு. இந்தத் தடவை வாங்க மாட்டேன். "கவர்ல எழுதியிருக்கறதைப் படிச்சியா?"ன்னு கேட்பேன். அதுக்கு நீ என்ன சொல்லணும்னு அம்மா எழுதலை. நீயே சொல்லு.

பிஸ்கட் அட்டையில செஞ்சது. பயப்படாதே. மூக்கு அப்படியேதான் இருக்கும், உன்னோடது நிஜமாவே அப்படித்தான்.

முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வா, வழியில என்ன தின்னியோ. வெறும் தண்ணி போதாது. கழுவிட்டு வந்தா என்னைத் தூக்கலாம். நாலு வருஷத்துல கனமாயிட்டேன், பாத்துக்கோ.

வாலு