நாலு பக்கமும் அக்கா

பிப்ரவரி 9, திங்கள்

பனி. இ-சேவைக் கடை ஷட்டரைத் தொட்டா கை விறைக்குது. அக்கா பொண்ணு பாப்பாவுக்கு சளி. அம்மா கஷாயம் ஊத்த, அது துப்ப, என் சட்டை போச்சு.

22-ந்தேதி ஞாயிறு ஊர்க் கூட்டம். நம்ம வூட்டு விவகாரம்தான். கொழந்த எனக்கு வேணும், விட்டுட்டுப் போனவளுக்கு இன்னா உரிமைன்னு செல்வம் கேட்டிருக்கான். (அக்கா புருஷன். முன்னாடி மாமான்னு எழுதுவேன். இப்ப செல்வம்.) அக்கா திருப்பூர்ல, பனியன் கம்பெனி ஹாஸ்டல்ல. படியில விழுந்து கால் ஒடஞ்சி மாவுக்கட்டு. கக்கூஸுக்கே ரெண்டு பேர் தூக்கணும், மலை எங்க ஏறறது. கூட்டத்தத் தள்ளி வைங்கன்னு நைனா போய்க் கேட்டாரு. ஏற்கனவே தள்ளியாச்சு, இனிமே ஆகாதுன்னு நாட்டாரு சொல்ட்டாரு. அவர்தான் கூட்டத்துக்குத் தலை. வட்டத்துல இல்லாதவங்களுக்குச் சொல் இல்ல, இது எங்க ஊர் வழக்கம். அக்காவுக்குச் சொல் இல்லன்னா பாப்பா போச்சு.

போன்ல பேசட்டுமேன்னு நானே போய்க் கேட்டேன். போன வருஷம் ஒருத்தன் வெளியூர்லேருந்து ஸ்பீக்கர்ல பேசினான். பக்கத்துல நின்னு யாரோ எடுத்துக் குடுத்தது எல்லார் காதுலயும் வுழுந்துது. அதுலேருந்து போன் ஆகாது. முகம் தெரியணும். சரி, டிவி வெக்கறேன்னேன். எல்லாரும் ஒரே பக்கம் பாத்து ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் உக்காரணும். முதுகு காட்டி உக்காந்தா அது சபையான்னு கேக்கறாரு.

அப்போ நடுவுல வெக்கணும், எந்தப் பக்கம் உக்காந்தாலும் முகம் தெரியணும். நாலு பக்கமும் திரை வெச்ச சதுரப் பொட்டி. கம்ப்யூட்டரும் அதுக்குள்ளயே. ஹார்டுவேர் படிச்சவன்தானே நான், செய்ய முடியாதா? மத்தியானத்துலேருந்து இதே மண்டையில. ஒருத்தருக்கு வருமானச் சான்று பதியறப்போ அவர் பேர் இருக்க வேண்டிய இடத்துல அவங்க அப்பா பேர அடிச்சிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

முதல் ஜீப்ல திருப்பத்தூர். பாய் கடை, பழைய கம்ப்யூட்டர் குவியல்.

வாங்கினது:
— பழைய சதுர மானிட்டர் நாலு (அகலமானது ஆகாது, பொட்டி சதுரமா வராது)
— சின்ன மதர்போர்டு, பவர் சப்ளை
— ஒரு படத்த நாலாப் பிரிக்கற ஸ்ப்ளிட்டர்
— பாப்பாவுக்கு பன்

நாலும் ஒரே சைஸ்ல கெடைச்சதே பெரிய விஷயம். பாய் எதுக்குன்னு கேட்டாரு. சொன்னேன். அப்புறம் ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்து எரியறத மட்டும் எடுத்துக் குடுத்தாரு.

இதோட நின்னிருந்தா நல்லாயிருக்கும். ஜீப்ல எடம் பத்தாதுன்னு மானிட்டர் வெளிக்கூடெல்லாம் அங்கயே கழட்டி, பேனல மட்டும் போர்வையில சுத்தி மடியில வெச்சிக்கினேன். புத்திசாலி. பாதி மலையில ஒரு அண்ணன் மூட்டையோட ஏறினாரு. நவுருப்பான்னாரு. நவுந்தேன். மூட்டை வந்து மடியில உக்காந்துது. ‘டப்’புன்னு ஒரு சத்தம், அப்பளம் மாதிரி. வெண்ணெ திரண்டு வர்றப்போ தாழி ஒடஞ்ச கதை. அவர் மேல எரிஞ்சி வுழுந்தேன். பாவம், வழி பூரா சாரி தம்பி சாரி தம்பின்னுக்கினே வந்தாரு.

பிப்ரவரி 12, வியாழன்

மறுபடி திருப்பத்தூர், மறுபடி பாய். மாத்துப் பேனல் லேசா மஞ்ச அடிக்குது. பரவாயில்ல, அக்காவுக்கு ஒரு பக்கம் மஞ்சக் குளிச்ச முகம்.

பலகைக்கு அலையல. நைனா கதவுக்குன்னு வெச்சிருந்த பலாப் பலகைய எடுத்துட்டேன். சொல்லல. சாயங்காலம் பாத்துட்டாரு. திட்டுவாருன்னு நெனச்சேன். ரம்பம் மொண்ணையா கீது பாருன்னுட்டு அரம் எடுத்தாந்து போட்டாரு.

நாலு பலகையும் ஒரே அகலம் அறுத்தேன். சேத்து வெச்சா மூலை கூடல. பலகைக்குத் தடிப்புன்னு ஒண்ணு இருக்குதே, அத்த யார் கழிப்பா? ரெண்டு பலகைய மறுபடி அறுத்தேன். டிப்ளமோ படிச்சவன் லட்சணம்.

அம்மா சோத்த வெச்சிட்டு கூப்புட்டுக்கினே இருந்துது. போகல. உக்காந்தா எழுந்துக்கத் தோணுது, எழுந்தா இன்னாத்துக்கு எழுந்தோம்னு மறந்து போவுது.

பிப்ரவரி 14, சனி

எரிஞ்சிது! நாலும். ஒண்ணு தலைகீழா. பேனலத் திருப்பி மாட்டினதும் சரி.

அக்காவுக்கு வீடியோ கால். கூட வேலை பாக்கற பொண்ணு போனப் புடிச்சிக்கினு நின்னுது. நாலு பக்கமும் அக்கா. அம்மா வாயப் பொத்திக்கினு அழ ஆரம்பிச்சிட்டுது. கால் எப்படிக் கீதுன்னு கேக்க வந்தது, அதக் கேக்கவே இல்ல.

பாப்பா பொட்டியச் சுத்தி ஓடுது. ஒரு பக்கம் பாக்குது, அடுத்த பக்கம் ஓடுது, அங்கயும் முகம். சுத்திச் சுத்தி வந்து எங்கிட்ட நின்னு கேக்குது: “மாமா, அம்மாவுக்கு முதுகு எங்க?” அக்கா இருந்தப்போ ராத்திரியில அவ முதுகக் கட்டிக்கினுதான் தூங்கும். கடைக்கு வெளிய வந்து நின்னேன்.

பிரச்சினை: நாங்க அக்காவ நாலு பக்கமும் பாக்கறோம், அவ பாக்கறது கேமரா இருக்கற பக்கம் மட்டும். பாப்பா அந்தாண்ட ஓடினா அவளுக்குத் தெரியல. எங்கடா அவ, எங்கடான்னு கத்துறா. கேமராவுக்கு நீள வயர் போட்டு கையில புடிச்சிக்கறதுதான் வழி. யார் பேசறாங்களோ அவங்க பக்கம் திருப்பணும்.

பிப்ரவரி 16, திங்கள்

செல்வம் கடைக்கு வந்தான்.

ஏதோ ஆதார் பிரிண்ட் வேணும்னு. வெள்ளச் சட்டை, சிரிச்ச முகம். ஊர்ல யாரக் கேட்டாலும் நல்ல புள்ளைன்னுதான் சொல்லும். அக்கா பின்தோள்ல இருந்த கன்னிப்போன தழும்ப நான் பாத்திருக்கேன். அவ திருப்பூர் போறதுக்கு மொத நாள், நம்ம வூட்ல. கேட்டதுக்குக் கதவு இடிச்சிதுன்னா. கதவு பின்னாடியா வந்தாக்கா இடிக்கும்னேன். துணி மடிச்சிக்கினே இருந்தா.

பொட்டியத் தடவிப் பாத்தான். தட்டிப் பாத்தான். “இன்னா மச்சான், உங்கக்காவப் பொட்டியில அடைச்சிட்டியா?”

பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். டீ வேற வாங்கிக் குடுத்தேன், அந்த அளவுக்குக் கையாலாகாதவன். போனதுக்கப்புறம் வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன், ஷட்டரப் பாத்து.

பிப்ரவரி 18, புதன்

வெயில் இன்னிக்கே பங்குனி மாதிரி. பொட்டி அனலாக் கொதிக்குது. கொஞ்ச நேரம் ஓடினா படம் அப்படியே ஒறைஞ்சி நிக்குது, அக்கா வாயத் தொறந்தபடி. நடுச் சபையில இப்படி நின்னா?

மேல் பலகையில வட்டமா ஓட்டை போட்டு பெரிய ஃபேன் மாட்டினேன், சூடு மேல போற மாதிரி. மேல ஒரு சல்லடைத் தகடு. இப்ப மத்தியானம் பூரா ஓடியும் ஜில்லுன்னு கீது. சோக்கா வந்துடுச்சி.

நாட்டாரு வந்து பொட்டியச் சுத்திப் பாத்தாரு. ஒவ்வொரு பக்கமும் குந்திப் பாத்தாரு. நடுவுல வெக்கலாம்னாரு. போதும்.

பிப்ரவரி 21, சனி

கடைக்கு லீவு. கோயில் எதிர்லயே கடை, அதனால கரண்டும் நெட்டும் வயர் இழுத்தாச்சி. இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ். ஸ்பேர் கேபிள். இன்சுலேஷன் டேப். எதையோ மறந்துட்டேன், எதுன்னுதான் தெரியல. நகம் எல்லாம் கடிச்சாச்சி.

அக்காகிட்ட பேசினேன். பயமாக் கீதான்னு கேட்டேன். கூட்டத்துக்கு பயமில்லடான்னா. கொழந்த வாடா கண்ணுன்னு யார் கூப்புட்டாலும் போவுதே, அதாண்டா பயம்னா.

பிப்ரவரி 22, ஞாயிறு

கோர்வையா வராது. எழுதிடறேன், இல்லன்னா வெடிச்சிடுவேன்.

கோயில் முன்னாடி வட்டம். நடுவுல பொட்டி. மூணு பக்கம் ஆம்பளைங்க. நாலாவது பக்கம், கொஞ்சம் தள்ளி, பொம்பளைங்க. பொட்டியில அக்கா வந்தா. நீலச் சேலை, தலை வாரியிருந்தா. நான் கேமராவப் புடிச்சிக்கினு குந்தியிருந்தேன்.

செல்வம் பேசினான். அவளா இஷ்டப்பட்டுப் போனா, நான் கையே ஓங்கினதில்லன்னான். அக்கா இல்லன்னா. ஏன் போனேன்னு சொன்னா, அழாம சொன்னா. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி. நடுவுல நானும் தழும்பப் பாத்தேன்னு சொன்னேன். கடைசியா நாட்டாரு, சூடம் அடிச்சி சொல்லுன்னுட்டாரு. எரியற சூடத்த உள்ளங்கையால அடிச்சி அணைச்சி சத்தியம் பண்ணணும், வட்டத்துக்கு நடுவுல. நடுவுல இருந்தது பொட்டி. பூசாரி அது மேல வெத்தலை போட்டு சூடம் ஏத்தினாரு.

செல்வம் கை ஓங்கினான். சூடம் தானா அணைஞ்சிது.

மறுபடி ஏத்தினாங்க. மறுபடி அணைஞ்சிது. காத்தே இல்ல, ஒரு எல அசையல. ஆத்தா இவன் சத்தியத்த ஏத்துக்கலன்னு யாரோ சொல்ல, பொம்பளைங்க பக்கம் குலவை. செல்வம் முகம் வெளுத்துப் போச்சி. எனக்கு சந்தோஷம்னா சந்தோஷம். அப்புறம்தான் ஒறைச்சிது. ஃபேன். நான் மாட்டின ஃபேன்.

வாயத் தொறக்கல. தொறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா நாட்டாரு என் பக்கம் திரும்பிட்டாரு: பொண்ணு வூட்டு சார்பா நீ அடி, தழும்பப் பாத்தேன்னியே. ஃபேன் வயர் என் கால்கிட்டயே. லேசா ஒரு இழுப்பு, என் சூடம் நின்னு எரியும். ஊரே காலடியில. கை வயர் வரைக்கும் போச்சி. நான் பாத்தது சத்தியம், ஆனா இந்த சூடம் பொய்யில்லையா? கோயில் முன்னாடி குந்திக்கினு இத்தப் பண்ண பயமா இருந்துது. நேர்மைன்னு பெருசா சொல்லிக்க மாட்டேன், பயம்தான்.

“நாட்டாரே, ஆத்தா இல்லீங்க. உள்ள ஃபேன் ஓடுது, அது ஊதி அணைச்சிடுச்சி.”

அம்மா தலையில அடிச்சிக்கினுது. நைனா தலை குனிஞ்சிட்டாரு. செல்வம் பக்கம் விசில். சூடத்தக் கீழ தரையில ஏத்தினாங்க. கண் கொட்டாம ஓங்கி அடிச்சான் அவன். நான் கை ஓங்கினதில்லன்னு சொல்லி. கையில கரி. அப்புறம் நானும் அடிச்சேன், பாத்தேன்னு. தழும்பு யார் போட்டதுன்னு பாத்தியான்னு கேட்டாங்க. இல்லன்னேன். முடிஞ்சிது. உள்ளதும் போச்சுடா நொள்ளக்கண்ணான்னு என்னையே சபிச்சிக்கினேன்.

அப்போ பொட்டியிலேருந்து அக்கா: “நாட்டாரே, நானும் சபையிலதானே இருக்கேன்? எனக்கும் ஒரு சூடம் உண்டில்ல?”

பொம்பளைங்க சூடம் அடிக்கறது எங்க வழக்கத்துல இல்ல. நாட்டாரு யோசிச்சாரு. அவ காத்திருக்கல. கூட வேலை பாக்கற அந்தப் பொண்ணு எவர்சில்வர் தட்டுல சூடம் ஏத்திக் குடுத்துது. என் புருஷன் அடிச்சாரு, அதான் வந்தேன், வேற ஒண்ணுமில்லன்னு சொல்லி அடிச்சி அணைச்சா. உள்ளங்கையக் காட்டினா. நாலு பக்கமும் கரி படிஞ்ச கை. 

சபை பாத்துதான்னு நாட்டாரு கேட்டாரு. மொதப் பக்கம், பாத்தோம். ரெண்டாவது பக்கம், பாத்தோம். மூணாவது செல்வம் பங்காளிங்க. முனகிட்டு, பாத்தோம். ரெண்டு சத்தியமும் எதிர் எதிரா நிக்குது, இனி வழக்கப்படி கொழந்த அப்பன் வூட்டுக்குன்னு நாட்டாரு ஆரம்பிச்சாரு.

பொம்பளைங்க பக்கத்துலேருந்து ஒரு கொரல். “நாலாவது பக்கம் கேக்கலியே.”

செல்வத்தோட அம்மா. எழுந்து நின்னுக்கினு இருந்துது.

“எங்களுக்கும் முகம் தெரிஞ்சிது. நாங்களும் பாத்தோம். அன்னிக்கி இவன் அவள அடிச்சதயும் பாத்தேன், என் வூட்லதான். கொழந்த அவகிட்டயே இருக்கட்டும்.”

சொல்ட்டு உக்காந்துட்டுது. செல்வம் தரையப் பாத்தான். நாட்டாரு ரெண்டு பக்கம் பெரியவங்களக் கேட்டாரு, துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. கொழந்த தாய்கிட்டன்னாரு. அம்மா பாப்பாவத் தூக்கி நெஞ்சோட அமுக்கினதுல அது கத்துது.

என் கையில கேமரா தரையப் பாத்துக்கினு இருந்துது. அக்காவுக்குச் சத்தம் மட்டும்தான் போயிருக்கு.

“டேய், யார்றா அது பேசினது?”

உன் மாமியார்னேன்.

கரிக் கைய முந்தானையில தொடச்சிக்கினா. அப்புறம், “அத்தையக் காட்டுடா”ன்னா.

திருப்பினேன்.